வெளியூர்க் காய்ச்சல்

என் அண்ணிக்கு எங்கள் தெரு வைத்திருக்கும் பெயர் 'புழு அக்கா'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அவள் தெருமுனையில் திரும்பியதும், "புழு அக்கா வருது, மாடிக் கதவச் சாத்து" என்று ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செய்தி ஓடும். ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாம் காதில் விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ அலட்டிக்கொள்ள மாட்டாள். "சாத்தட்டும். எந்த வீட்ல சாத்துறாங்களோ அந்த வீட்லதான் புழு இருக்கு. எனக்குத் தேடுற வேலை மிச்சம்" என்பாள்.

சுகாதார ஆபீஸில் அவளுக்குத் தற்காலிக வேலை. அவள் சேர்ந்தபோது என் மகள் பிறந்திருக்கவில்லை. என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், அண்ணி இன்னும் தற்காலிகம்தான். கையில் ஒரு டார்ச், ஒரு வெள்ளைக் கரண்டி, தோளில் மருந்துப் புட்டி வைத்த பை. வீடு வீடாகப் போய் டிரம், தொட்டி, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட் எல்லாவற்றிலும் டார்ச் அடிக்க வேண்டும். கரண்டியில் மொண்டு பார்க்க வேண்டும். வெள்ளையில் கறுப்பாய் ஏதாவது நெளிந்தால் கொட்ட வேண்டும், கொட்ட முடியாததில் மருந்து விட வேண்டும். எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. சிலிண்டர் போட வருகிற ஆள் செருப்புக் காலோடு சமையலறைவரை போகலாம். என் அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வந்தாலும் வாசலோடு நிற்க வேண்டும்.

"பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்கும்க்கா, ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்."

"எங்க பிரிட்ஜ் புதுசு."

"கொசு பழசு புதுசு பாக்காதுக்கா."

"எங்க வீட்ல நல்ல தண்ணிதான் பிடிச்சு வைக்கறோம். சாக்கடைப் பக்கம் போய்ப் பாரு."

இந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணிதான் வேண்டும் என்று அவள் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். யாரும் நம்புவதில்லை. அதே தெருவில் புகை வண்டி வந்தால் மட்டும் கல்யாண ஊர்வலம் மாதிரி வரவேற்பு. பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். பெரியவர்கள் "இதான்யா வேலை" என்று தலையாட்டுவார்கள், பிறகு வீட்டுக்குள் புகை வந்துவிடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் கொசு சௌகரியமாக உள்ளேயே இருக்கும். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்தது. அவளை வீட்டில் 'வாண்டு' என்றுதான் கூப்பிடுவோம். அந்த வாண்டு அசையாமல் கிடந்ததைப் பார்த்தேன். உதடு வெடித்து, கண் செருகி, தண்ணீரை வாயில் விட்டால் அப்படியே வெளியே வழிந்தது. பிழைத்து வந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மறுபடியும் வந்தா இதவிட மோசமாப் போகலாம்மா. கொசு கடிக்காமப் பாத்துக்கங்க" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நான் அழுதேன். அண்ணி அழவில்லை. மறுநாளே ஏணியைப் போட்டு எங்கள் பின்சுவரில் ஏறிவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாதியில் நின்றுபோன ஒரு அடுக்குமாடிக் கட்டடம். பங்காளிகள் சண்டையில் வேலை நின்று, தூணும் கம்பியுமாய் நிற்கிறது. அதன் நடுவில் லிப்டுக்காகத் தோண்டிய குழி. மழை பெய்தால் ஒரு ஆள் முங்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இறைத்தால் மறுபடி ஊறும். ஊருக்கெல்லாம் பூந்தொட்டியைக் கொட்டச் சொல்கிற ஆபீஸ், இந்தக் குழியின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லாது. அவர்கள் பெரிய ஆட்கள்.

அண்ணி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அவளுடைய ஆபீஸ் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் கப்பி மீன் வளர்த்தார்கள். விரல் நீளம்கூட இருக்காது. கொசுப்புழு என்றால் கொள்ளை ஆசை, விட்டு வைக்காது. கட்டடத்துக் காவல்காரர் நல்ல மனுஷர், கேட்டைத் திறந்துவிட்டார். அண்ணி ஒரு குடம் மீனைக் கொண்டுபோய்க் குழியில் விட்டாள். பிறகு வாரம் தவறாமல் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி மொண்டு பார்ப்பாள். வெள்ளையில் ஒன்றும் நெளியாது. குழியில் மீன் குட்டி போட்டுப் பெருகியது. எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கம் வந்தது.

வாண்டு அவளோடு போய்ப் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பாள். "உன்ன அந்தப் பக்கம் பாத்தேன்னா காலை ஒடிச்சுடுவேன்" என்று அண்ணி மிரட்டுவாள். மிரட்டிவிட்டு, கொசு கடிக்காமல் கைகாலெல்லாம் அவளே வேப்பெண்ணெய் தடவிவிடுவாள். அண்ணியின் சொந்த மகன் வேலைக்கென்று எங்கேயோ போய், போனில் மட்டும் பேசுகிறான். அண்ணன் லாரியிலேயே குடியிருக்கிறான். ஆகவே அவளுக்கு இருந்த பாசம் மொத்தமும் எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டது.

இந்த வருடம் மழை ஆரம்பித்த சமயம், ஆஸ்பத்திரிக்குக் கட்டிய புதுக் கட்டடத்தைத் திறந்து வைக்க ஒரு பெரிய தலை வருவதாக அறிவித்தார்கள். அவ்வளவுதான், ஆபீஸுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெரு தெருவாகப் போகிறவர்களையெல்லாம் அந்தத் தலை வரும் வழியில் கொண்டுபோய்க் குவித்தார்கள். அண்ணியையும்தான். குப்பையைப் பொறுக்கு, சுவரொட்டியைக் கிழி, ஓரத்தில் கோடு போட்ட மாதிரி வெள்ளை பிளீச்சிங் பொடி தூவு. பொடி தூவினால் ஊர் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையை உடைத்து அடுப்பில் வைக்க வேண்டும்.

"எங்க ஏரியாவ யாரு சார் பாக்கறது?" என்று அண்ணி கேட்டாளாம்.

"வந்துட்டுப் போகட்டும்மா. கொசு எங்க ஓடிப் போகுது?" என்றாராம் சூப்பர்வைசர்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்தால்கூடச் சண்டை போட வசதியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் சிரிப்பார். மேலே இருப்பவரிடம் குனிந்து சிரிப்பார், கீழே இருப்பவர்களிடம் நிமிர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போவார்.

பெரிய தலை வந்தது, ரிப்பன் வெட்டியது, போனது. அண்ணி அன்று சாயங்காலமே நேராகக் குழிக்குப் போனாள். கேட் பக்கத்திலேயே அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது. பொடி நாற்றம். பெரிய தலையின் வண்டி போகிற வழியிலிருந்து பார்த்தால் கட்டடத்துக் குழி தெரிகிறதென்று, மீந்த பொடி மூட்டைகளை ஒரு கும்பல் வந்து அதில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"ஆபீஸ் ஆளுங்கதாம்மா. நீங்க அனுப்புனதுன்னு நெனச்சேன்" என்றார் காவல்காரர்.

மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது. பெரிசு, சிறுசு, போன வாரம் பிறந்தது எல்லாம். அண்ணி குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள் என்று காவல்காரர் பிறகு சொன்னார். பொடி போட்டதில் புழுவும்தான் செத்திருக்கும், ஆனால் பொடிக்கு வீரியம் எத்தனை நாள்? நாலு மழை பெய்தால் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். கொசு திரும்பி வரும். மீன் வராது.

அவள் அங்கிருந்து ஆபீஸுக்கு ஓடினாள். கொல்லைத் தொட்டியிலிருந்து இன்னொரு குடம் மீன் எடுத்து வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. தொட்டி காய்ந்து கிடந்தது. உள்ளே வெள்ளை அடித்து, ஓரத்தில் காவி பூசி, நடுவில் ஒரு குரோட்டன்ஸ் செடி வைத்திருந்தார்கள்.

ஸ்டோர்க்காரரைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். "மீனெல்லாம் எங்கய்யா?"

"சாக்கடைல ஊத்தியாச்சு. பெரியவரு ஒருவேளை இங்கயும் எட்டிப் பாத்துட்டாருன்னா? கொசு ஒழிக்கற ஆபீஸ்லயே தண்ணி தேங்கி நின்னா அசிங்கமா இருக்காது?"

நான் இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? கொசுவை ஒழிக்க வைத்திருந்த தண்ணீரை, கொசுவுக்குப் பயந்து கொட்டியிருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த ஆபீஸுக்கும் இந்த மூளை வராது. அண்ணி சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே, மேலே எழுதிக் கேட்டால் மீன் பண்ணையிலிருந்து வரும் என்றார். எப்போது வரும்? வரும். மருந்து? பொடி வாங்கியதில் மருந்துக்கு இந்த மாதம் ஒதுக்க முடியவில்லை.

அதோடு விட்டார்களா? மறுபடியும் அந்தக் குழியைப் போய்ப் பார்க்கக்கூட அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. திறப்பு விழாவைத் தொடர்ந்து கண்காட்சியாம், கண்காட்சி முடியும்வரை அங்கேயே வேலை. விடிவதற்குள் போய், இருட்டியபின் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயிலை ஒரு கேனில் தூக்கி வந்தாள். தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்தால் புழு மூச்சு முட்டிச் சாகும். நானும் கூடப் போனேன். அவள் முதலில் கரண்டியை இறக்கி மொண்டாள். வெள்ளை தெரியவில்லை, அவ்வளவு புழு. அதோடு நாங்கள் குனிந்தபோது குழியின் சுவரிலிருந்து ஒரு கூட்டம் குப்பென்று எழும்பி எங்கள் முகத்தில் மோதியது.

"பறக்க ஆரம்பிச்சிடுச்சுடி" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. கேனைக் கவிழ்த்தாள். தண்ணீரில் இருந்தவை செத்திருக்கும். வெளியே வந்தவை எங்கள் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அந்த வாரமே வாண்டுக்குக் காய்ச்சல் அடித்தது.

புதுக் கட்டடத்தில்தான் படுக்கை கிடைத்தது. ரிப்பன் வெட்டிய அதே கட்டடம். தரை பளபளவென்று முகம் தெரிந்தது. ஜன்னலுக்கு வலை இல்லை. திறப்பு விழாவுக்குள் வேலை முடியவில்லையாம், அப்புறம் போடுவார்களாம். அண்ணி உள்ளே நுழைந்ததும் ஜன்னலைத்தான் பார்த்தாள். உடனே வீட்டுக்குப் போய், என் புடவை ஒன்றையும் அவள் புடவை ஒன்றையும் கொண்டுவந்து ஜன்னலில் கட்டினாள். நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை ரத்தம் எடுக்க வரும்போதும் வாண்டு கையை மறைத்துக்கொண்டு, "நாளைக்கு எடுங்க" என்று கெஞ்சினாள். ஈறில் ரத்தம் கசிந்தது. டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். போன வருடம் சொன்னதை அவர் திரும்பச் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதில்தான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சூப்பர்வைசர் வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம். வாண்டின் தலையைத் தொட்டுப் பார்த்து, "சீக்கிரம் சரியாயிடும்" என்று சிரித்தார். பிறகு அண்ணியைக் கட்டிலின் கால்மாட்டுக்குக் கூப்பிட்டார். எனக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார். எனக்குக் கேட்டது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து கேட்டு வருவாங்கம்மா. பாப்பா கொஞ்ச நாள் முன்னாடி வெளியூருக்குப் போயிருந்துச்சுன்னு சொல்லிடுங்க. சொந்தக்காரங்க வீடு, ஏதோ ஒண்ணு."

"எங்கயும் போகலியே சார்."

"தெரியும்மா. ஒரு பேச்சுக்கு. வெளியூர்ல வாங்கிட்டு வந்த காய்ச்சல்னா நம்ம ஏரியா கணக்குல வராது. இங்கயே வந்ததுன்னா மேல நோண்டுவாங்க. யாரு ஏரியா, யாரு பாத்தது, ஏன் பாக்கலன்னு. முதல்ல உங்க பேருதான் வரும். நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"வெளியூர்னு சொல்லிட்டா, குழிய எப்ப சார் இறைப்பீங்க?"

அவர் சிரித்தார். "அப்ப எதுக்கும்மா இறைக்கணும்? இங்கதான் காய்ச்சலே இல்லையே."

நான் என் மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியும். தற்காலிகமோ என்னவோ, அந்த வீட்டில் நிச்சயமாக வருகிற சம்பளம் அது ஒன்றுதான். அவள் தலையாட்டியிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

"எம் புள்ள எங்கயும் போகல" என்றாள். தாழ்ந்த குரலில் அல்ல. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பள்ளிக்கூடம் விட்டா வீடு, வீடு விட்டாப் பள்ளிக்கூடம். போன வருஷம் படுத்து எழுந்த புள்ளைய நாங்க எங்கய்யா அனுப்புவோம்? எங்க சுவத்துக்குப் பின்னாடி நீங்க மீனைக் கொன்னீங்க. உங்க தொட்டி மீனைச் சாக்கடைல கொட்டிட்டு அதுல செடி வச்சீங்க. அங்க வளந்த கொசுதான் இவளக் கடிச்சுது. கேட்டு வரட்டும், இதத்தான் சொல்லுவேன்."

"மெதுவா பேசுங்கம்மா. புள்ளைங்க படுத்துருக்கு."

"புள்ளைங்க படுத்துருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுதா?"

அப்போது பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்தாள். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அவள் மகனுக்கும் சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. "எங்ககிட்டயும் ஒருத்தர் வந்து இதத்தான் சொல்லச் சொன்னாரு" என்றாள். "மாமா வீட்டுக்குப் போயிருந்தான்னு சொல்லிட்டோம். எங்களுக்கு மாமா வீடே கிடையாதும்மா."

அண்ணி அவளைத் தாண்டி அடுத்த கட்டிலைப் பார்த்தாள். "உங்க புள்ள எங்க போயிருந்துச்சு?"

அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் தரையைப் பார்த்தார். "சுற்றுலான்னு சொல்லச் சொன்னாங்க."

"போனீங்களா?"

"எங்கம்மா போறது? வாடகை வீட்ட விட்டு ஒரு நாள் வெளிய போனதில்ல."

அண்ணி கட்டில் கட்டிலாகப் போனாள். எந்தப் பிள்ளையும் எங்கும் போகவில்லை. எல்லாம் எங்கள் தெருவும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும். அந்தக் குழியிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு வார்டு நிறையப் பிள்ளைகள், அத்தனையும் காகிதத்தில் வெளியூர். என் மகளுக்கு முன்னால் வந்த பிள்ளையை இந்த ஊர்ப் பிள்ளை என்று ஒருவர் சொல்லியிருந்தால் குழியை அப்போதே இறைத்திருப்பார்கள். அந்தப் பெற்றவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை கிடக்கும்போது வந்து நிற்கிறவன் கேட்டால், எதையும் சொல்லிவிட்டுத்தான் மனசு அடங்கும். ஆனால் கேட்டவனை நான் மன்னிக்க மாட்டேன். சாகும்வரை மாட்டேன்.

சூப்பர்வைசர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நீங்க நாளைலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார்.

"சரி சார். பழத்த எடுத்துட்டுப் போங்க."

மாவுக்காரப் பெண் நேராக டாக்டரம்மாவிடம் போய், "நாங்க சொன்னது பொய்ம்மா, திருத்திக்கங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெரியவர். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். டாக்டரம்மா எல்லாருக்கும் திருத்தினார். திருத்தும்போது பேனாவை அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்துவிடும் போலிருந்தது.

வாண்டு பிழைத்துக்கொண்டாள். ஒரு காலையில் கண்ணைத் திறந்து, ஜன்னலில் கட்டியிருந்ததைப் பார்த்து, "அத்தை, ஏன் உங்க புடவைய இங்க காயப்போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். அண்ணி எழுந்து வெளியே ஓடினாள். போன வருடம் அழாததற்கும் சேர்த்து வராந்தாவில் அழுதாள். மாவுக்காரப் பெண்ணின் மகன் பிழைக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மகளைப் பின்னால் மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இத்தனை பிள்ளைகளும் ஒரே நாளில் இந்த ஊருக்குத் திரும்பிவிட்டதால் மேலே நோண்டினார்கள். பம்பு வந்தது. குழியை இறைத்தார்கள், மண் கொட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் சூப்பர்வைசர் நடுவில் நின்று சிரிக்கிறார். காவல்காரர்கூட ஓரத்தில் இருக்கிறார். அண்ணிக்கு உள்ளே வர அனுமதியில்லை, அவள்தான் இப்போது ஆபீஸ் ஆள் இல்லையே. அவள் எங்கள் பின்சுவரில் ஏணி போட்டு ஏறி நின்றுகொண்டு, "குழாய அடிவரைக்கும் இறக்குங்கடா, அடில இன்னும் நிக்குது பாரு" என்று கத்திக்கொண்டிருந்தாள். மாவுக்காரப் பெண் கீழே நின்று அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.